குறுக்குவெட்டில் வடக்கு: கவுன்சிலின் திட்ட அனுமதித் துறைக்கு ஒரு பணிவான மடல்

வடமேற்கு லண்டனின் கவுன்சில் ஒன்றில் வீற்றிருக்கும் திட்ட அனுமதித் துறையின் மேலான சமூகத்துக்கு,

கட்டட வேலை நடக்கும்போது தோண்டிய மண் மழையில் கரைந்து தெருவுக்கும் ஓடைக்கும் போய்ச் சேராமல் தடுக்கும் ஏற்பாடுகள் மண்ணரிப்புக் கட்டுப்பாடு எனப்படும். பெரிய கட்டுமானங்களோடு நின்றுவிடாமல், ஒரு சாதாரண வீட்டின் பின்புறம் போடப்படும் எக்ஸ்டென்ஷனுக்கும் அதை நிபந்தனையாக்கிய தொலைநோக்குக்காக மேற்படி துறைக்கு முதற்கண் பாராட்டு உரித்தாகுக. அதனினும் பெரிய பாராட்டுக்குரியது, சென்ற வாரம் விண்ணப்பதாரர் ஒருவருக்கு வந்த மின்னஞ்சலின் வழியே அத்துறை உலகுக்கு அறிவித்திருக்கும் புவியியல் கண்டுபிடிப்பு. சரிவான தோட்டத்தின் கீழ்விளிம்பில் நடப்படவிருந்த வண்டல் தடுப்புத் துணி நிலத்துக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கும், நிலத்துக்குள் எவ்வளவு ஆழம் புதையும் என்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம், வடதிசை அம்பு இல்லாத ஒரே காரணத்தால் செல்லாது எனத் திருப்பப்பட்டிருக்கிறது. குறுக்குவெட்டில் மேல் உண்டு, கீழ் உண்டு. வடக்கும் உண்டு என்பதை இதுநாள்வரை எந்த நில அளவையாளரும் கண்டதில்லை.

அம்பு கேட்பது குற்றமென்று இம்மடல் வாதிடவில்லை. இங்கிலாந்தின் திட்ட நடைமுறைகளை வகுக்கும் 2015ஆம் ஆண்டு ஆணை, விண்ணப்பத்துடன் வரும் தரைப்படங்கள் அளவுவிகிதத்தோடும் வடதிசைக் குறியோடும் இருக்க வேண்டுமென்றே சொல்கிறது. மேற்படி விண்ணப்பத்தின் தரைப்படங்கள் அனைத்திலும் அம்பு இருந்தது. அந்த அம்புகளைப் பார்த்துத்தான் கவுன்சில் திட்ட அனுமதியையே வழங்கியது. வீடும் அதற்குப் பின் இடம் மாறவில்லை. வடதிசையும் மாறியதாகச் செய்தி இல்லை. ஆயினும் தோட்டத்தில் இருக்கும் வடக்கு குறுக்குவெட்டில் ஏன் இல்லை என்ற வினா, ஐந்து வாரம் கிடப்பில் கிடந்து கனிந்த பிறகு, கோப்பைத் திறந்த அதிகாரி ஒருவரின் உள்ளத்தில் உதித்திருக்கிறது.

வடக்கைப் பற்றித் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் பணிவுடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று பாட்டிமாரால் அதட்டப்பட்டு வளர்ந்த சமூகம் இது. சிவபெருமான் திருமணத்தைக் காண எல்லோரும் கயிலையில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது என்றும், அதைச் சமன் செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டார் என்றும் புராணம் சொல்லும். நிலம் சாய்ந்தால் என்ன ஆகும் என்ற கவலையோடு ஒரு முனிவரையே தெற்கே அனுப்பிய அந்த நிர்வாகத்திடம் குறுக்குவெட்டுப் படம் இருந்ததா என்பது ஆராயத்தக்கது. சங்க காலத்தில் மானம் இழந்த மன்னர் வடதிசை நோக்கி உண்ணாது அமர்ந்து உயிர்விடுவர். இதற்கு வடக்கிருத்தல் என்று பெயர். கோப்பெருஞ்சோழன் அவ்வாறு இருந்தவன். மேற்படி விண்ணப்பதாரருக்கும் கவுன்சில் வாசலில் வடக்கிருக்கும் எண்ணம் இரண்டொரு தடவை வந்ததுண்டு. எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டுமென்று கவுன்சில் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதால் அது ஒத்திவைக்கப்பட்டது.

விவகாரத்தின் சட்டப் பின்னணி நீளமானதன்று. 1947ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் முதலாக, ஒருவர் தமது நிலத்தில் கட்டுவதற்கு உள்ளூராட்சியின் திட்ட அனுமதி தேவை என்பது பொதுவிதி; வீட்டை விரிவாக்கும் விண்ணப்பத்துக்கான கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் 258 பவுணிலிருந்து 528 பவுணாக ஏறியது. அனுமதியோடு சேர்ந்து வருபவை நிபந்தனைகள். அவற்றுள் வேலை தொடங்குமுன் நிறைவேற்ற வேண்டியவை தனி இனம். அவற்றை நிறைவேற்றியதாக ஏற்கச் செய்ய வேறு விண்ணப்பம், வேறு கட்டணம், வேறு காத்திருப்பு உண்டு. இத்தகைய நிபந்தனையை விண்ணப்பதாரரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றிப் பொதுவாக விதிக்க முடியாது என்ற விதி 2018 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. மேற்படி விண்ணப்பதாரர் மனமுவந்து சம்மதித்தார். மண் ஓடாமல் காப்பது நியாயமான வேலை என்று அவர் நம்பியதே காரணம். காக்கப்படவிருப்பது மண் என்றும் அவர் நம்பிவிட்டார்.

அந்த நிபந்தனையின் பின்னே இருக்கும் அறிவியலில் குறையொன்றும் இல்லை. லண்டனின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது லண்டன் களிமண். கோடையில் சுருங்கி வெடித்து மாரியில் ஊதிப் பருக்கும் இந்த மண்ணில் நீர் எளிதில் இறங்காது. இறங்காத நீர் மேலோடு ஓடும். ஓடும்போது தோண்டிப் போட்ட குவியலையும் கரைத்துக்கொண்டு போகும். களிமண்ணின் துகள் மிக நுண்ணியது என்பதால் அது அடியில் படியாமல் நீரிலேயே நெடுநேரம் மிதக்கும், ஒரு வாளிக் கலங்கல் நீண்ட தூரம் பயணம் செய்யும். ஓடையை அடைந்த வண்டல், மீன்களின் செவுள்களில் அடைந்து, அவை முட்டையிடும் பரல்மணலை மூடி, நீர்த்தாவரங்களுக்கு வெளிச்சம் போகாமல் தடுக்கும். நகரின் மையப் பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்லும். புறநகரிலோ தெருவோரக் கம்பிவலை வடிகாலில் விழும் மழைநீர், பெரும்பாலான இடங்களில் எந்தச் சுத்திகரிப்பும் இன்றி நேரே ஓடைக்குப் போகிறது. ஹாரோ பக்கமிருந்து வெம்பிளி மைதானத்தருகே வந்து பிரென்ட் ஆற்றில் கலக்கும் வீல்ட்ஸ்டோன் ஓடை அப்படிப்பட்ட வரத்துக்களை வாங்கிக்கொள்வது. எக்ஸ்டென்ஷன் போட்ட வீடுகளின் சமையலறைக் குழாயும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் குழாயும் தவறுதலாக மழைநீர்க் குழாயில் பொருத்தப்படுவதால் இத்தகைய ஓடைகள் சோப்பு நுரையும் சுமக்கின்றன. இதில் தமிழ் வீட்டுக்காரரின் பங்கும் இருக்கிறது. முன்தோட்டத்தைக் காருக்காகக் கொங்கிரீட்டால் மூடும் பழக்கத்திலும் நம்மவர் பின்தங்கியவர்கள் அல்லர். 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தரை போட்டு, மழைநீரைச் சொந்த நிலத்துக்குள் இறங்கவிடாமல் தெருவுக்கு அனுப்பினால் அனுமதி தேவை என்ற விதி 2008 அக்டோபரிலேயே வந்தும் கூட.

ஆகவே விண்ணப்பதாரர் கேட்டதையெல்லாம் கொடுத்தார். தடுப்புத் துணியின் அடிவிளிம்பு வாய்க்கால் வெட்டிப் புதைக்கப்படும், ஏனெனில் புதைக்காத துணியின் கீழாக நீர் நுழைந்துபோகும். மண்குவியல் தார்ப்பாயால் மூடப்பட்டு ஓரங்களில் மணல்மூட்டை வைக்கப்படும். வெளியேறும் லொறியின் சக்கரம் கழுவப்படும். கழுவிய நீர் தெருவுக்குப் போகாமல் குழியில் தேங்கித் தெளியும். இவை யாவும் இரண்டு தாள்களில் வரையப்பட்டன. அவற்றில் ஒன்றையாவது கவுன்சில் படித்ததற்கான அடையாளம் பதில் மின்னஞ்சலில் இல்லை. அம்பு தேடியவருக்குத் துணி கண்ணில் படவில்லை.

இந்த ஐந்து வாரத்தில் அத்தோட்டத்தின் மண் ஓர் அங்குலமும் நகரவில்லை, அதைத் தொட அனுமதி இல்லை என்பதால். நகர்ந்தது வீட்டுக்கு முன்னால் இருந்த மண். எவரோ ஓர் ஒப்பந்தக்காரர் தெருவைத் தோண்டி, சிவப்பு வெள்ளைத் தடுப்புகளை நிறுத்தி, மார்பளவு உயரத்துக்குக் களிமண்ணைக் குவித்து, வெள்ளி மத்தியானம் வீட்டுக்குப் போனார். சனி இரவு மழை. ஞாயிறு காலை பார்த்தால், மஞ்சள் பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு குவியலின் அடியிலிருந்து புறப்பட்டு, நடைபாதை விளிம்பை ஒட்டியே நான்கு வீடுகளைக் கடந்து, வடிகால் கம்பிவலையின் பாதியை மூடியிருந்தது. நில உரிமையாளர் தமது மண் தெருவுக்கு அடித்துவரப்படாமல் தடுக்க வேண்டுமென நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தை 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 151ஆம் பிரிவு வழங்குகிறது. ஏற்கெனவே தெருவிலேயே கிடக்கும் மண் தெருவுக்கு அடித்துவரப்பட வழியில்லை என்பதால் அந்தக் குவியல் சட்டத்தின் முன் மாசற்றது. தொலைபேசியில் முறையிட்டபோது குறிப்பு எண் ஒன்று அருளப்பட்டது. அந்தக் குவியலின் வடக்கு எந்தப் பக்கம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அளவுகளையும் ஒருமுறை ஒப்பிடலாம். ஐல்ஸ்வர்த்தில் உள்ள மொக்டன் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 2020 அக்டோபர் தொடக்கத்தில் இரண்டே நாளில் ஏறக்குறைய 200 கோடி லிற்றர் கழிவுநீர் தேம்ஸில் விடப்பட்டது. 2021 ஜூலை 12இலும் 25இலும் பெய்த மழையில் லண்டனின் நிலவறை வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது, மருத்துவமனைகளும் தப்பவில்லை. புதிய கட்டடங்களின் மழைநீர் ஏற்பாடு கட்டுமுன்பே தனி அமைப்பொன்றால் ஏற்கப்பட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டத்தின் 3ஆம் அட்டவணை கூறுகிறது. வேல்ஸில் அது 2019 ஜனவரியிலிருந்து நடக்கிறது. இங்கிலாந்தில் அதை நடைமுறைப்படுத்தப் போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். 2025 ஜூனில் சட்டக் கட்டாயம் இல்லாத தரவரையறைகள் வெளியாயின, அட்டவணை அப்படியே உறங்கியது. ஆறுகளைக் காக்கும் சட்டத்தைப் பதினைந்து ஆண்டு தூங்கவிட்ட ஒரு நாடு, ஒரு குடும்பத்தின் சமையலறை எக்ஸ்டென்ஷனை ஓர் அம்புக்காக நிறுத்தி வைக்கிறது. இதை வேறு எந்தச் சொல்லாலும் மெழுக முடியாது: இது வெட்கக்கேடு.

மண் கொல்லும் என்பது இந்நாட்டு அலுவலகங்களுக்குத் தெரியாததன்று. வேல்ஸின் அபெர்ஃபானில் 1966 அக்டோபர் 21 காலை, நிலக்கரிக் கழிவுமேடு ஒன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தனர். பள்ளிக்குப் பின்னாலுள்ள மேட்டின் ஆபத்தைப் பற்றி மூன்றாண்டுகளுக்கு முன்பே நகரசபைப் பொறியாளரின் கடிதம் நிலக்கரி வாரியத்துக்குப் போயிருந்தது. இலங்கையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையில், மீரியபெத்தை தோட்டத்து லயன் குடியிருப்புகள் மீது 2014 அக்டோபர் 29 அன்று மலை இறங்கியது. அங்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இரண்டு இடத்திலும் தாள் இருந்தது. மேட்டை ஏறிப் பார்த்து ஆட்களை அப்புறப்படுத்த ஆள் இருக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டும் தாளையே காவல் காக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

மன்னிக்கவும், மடலின் தொனி சற்றே சரிந்துவிட்டது. தடுப்புத் துணி கட்டிச் சரிசெய்யப்பட்டுள்ளது.

கவுன்சிலின் பெருமைகளுள் இன்னொன்றையும் இங்கே போற்ற வேண்டும். திட்ட அனுமதி என்பது எதை எங்கே கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது. கட்டட ஒழுங்குமுறை ஒப்புதல் என்பது கட்டியது நிற்குமா, தீப்பிடித்தால் தப்ப முடியுமா என்பதைப் பார்ப்பது. பின்னதன் ஆய்வாளர் நேரில் வருவார். அத்திவாரக் குழியில் இறங்கி, களிமண்ணில் ஒரு மீட்டராவது தோண்டியிருக்கிறதா என்று அளவுநாடா பிடித்துப் பார்ப்பார். தோண்டிய மண் எங்கே போனது என்று கேட்க மாட்டார், அது அவரது துறை அன்று. மண் எங்கே போகும் என்று கேட்கும் துறையினர் வரமாட்டார்கள், ஏனெனில் அவர்கள் திரையில் படம் பார்ப்பவர்கள். கேட்பவர் பார்ப்பதில்லை, பார்ப்பவர் கேட்பதில்லை என்ற இந்த நுட்பமான வேலைப்பிரிவினை, சேறு மட்டும் இரு துறைக்கும் நடுவே எவரது தொந்தரவும் இன்றிச் சுதந்திரமாகச் சென்றுவர வழிசெய்திருக்கிறது.

கேட்கப்பட்ட அம்பு இம்மடலுடன் சமர்ப்பிக்கப்படுகிறது. குறுக்குவெட்டில் அதை எப்பக்கம் வரைவதென்று புரியாத வரைவாளர், இடம், வலம், மேல், கீழ் ஆகிய நான்கு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு அம்பு வரைந்திருக்கிறார். துறைக்கு விருப்பமான வடக்கை வைத்துக்கொண்டு மீதியை வேறு விண்ணப்பதாரருக்குப் பயன்படுத்தலாம். திட்ட அனுமதி மூன்றாண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதியாகும் என்பதால், விரைவில் ஒரு பதில் வேண்டும் என்பதே முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை, அதிகாரி ஒருவர் நேரில் வந்து அரைமணி நேரம் அந்தச் சரிவில் நின்று பார்க்க வேண்டும் என்பது. மழை பெய்யும் நாளாக இருந்தால் நல்லது. முழங்கால் வரை பூட்ஸ் அவசியம். பால் தேநீர் தரப்படும். அவர் காரை நிறுத்துவதற்கு அந்தத் தெருவில் வருகையாளர் பெர்மிட் தேவை. அதைத் தருவதும் இதே கவுன்சில்தான் என்பதால் விண்ணப்பதாரர் உடனே விண்ணப்பித்தார். வருகிறவரின் வாகன எண் குறிப்பிடப்படாத காரணத்தால் அந்த விண்ணப்பம் நேற்றுத் திரும்பி வந்தது.