பேட்டரி போச்சு என்னும் சித்தாந்தம்

ஆவடி வட்டாரத்தில் ஓர் இயந்திரம் செல்ஃப் எடுக்க மறுக்கும்போது அதன் காரணம் ஆராயப்படுவதில்லை, அறிவிக்கப்படுகிறது. 'பேட்டரி போச்சு' என்னும் அவ்வறிவிப்பு, எஞ்ஜினின் மூடி திறக்கப்படுவதற்கு முன்னரே, பெரும்பாலும் அவ்வழியே பால் வாங்கச் செல்லும் ஒருவரால், நின்று பாராமலே வழங்கப்படுகிறது என்பதும், அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதும் இவ்வூர் வாசகர்க்குப் புதிய செய்தியல்ல. ஆயினும் இத்தீர்ப்பின் எல்லை இப்போது படகு எஞ்ஜின் வரை நீண்டிருப்பதாலும், அதற்கான வசூல் ரசீது சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் வீடுவீடாகக் கிழித்துக் கொடுக்கப்பட்டிருப்பதாலும், எரிச்சல் ஆறுவதற்குள் இதை முறையாக ஆராய்தல் தகும். பழுது காயிலிலா ரெக்டிஃபயரிலா என்னும் வினாவுக்குக் கட்டுரையின் முடிவில் விடை கூறப்படும்.

கடலில்லாத ஊருக்குப் படகு எதற்கு என்று கேட்போர் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னைப் புறநகரில் குடியிராதவராகவே இருத்தல் வேண்டும். பழைய ஃபைபர் படகொன்றையும், அதன் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்ஜின் ஒன்றையும் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் வாங்கி வைத்திருப்பது ஆகவே வியப்புக்குரியதன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த எஞ்ஜின் ஓட்டிப் பார்க்கப்படுகிறது; தண்ணீரின்றி ஓட்டினால் அதைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இதழ்கள் கருகிவிடும் என்பதால் அதன் அடிப்பகுதி ஒரு நீல டிரம்மில் இறக்கப்படுகிறது; வெள்ளத்துக்காக வாங்கிய எஞ்ஜினைச் சோதிப்பதற்கு லாரித் தண்ணீர் காசு கொடுத்து வாங்கப்படுகிறது.

இவ்வெஞ்ஜின் பேட்டரியை நிரப்பும் முறை எளியது. மேலே சுழலும் கனத்த சக்கரமாகிய ஃபிளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன; அவை நிலையாக நிற்கும் செப்புக் கம்பிச் சுருளாகிய காயிலைச் சுற்றி ஓடும்போது, 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய விதிப்படி, அதில் மின்சாரம் எழுகிறது. அது திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. மின்சாரமாதலால், அதை ஒரே திசையில் செல்லும் டி.சி.யாக்கும் ரெக்டிஃபயர் வழியாகவும், அளவு மீறாமல் காக்கும் ரெகுலேட்டர் வழியாகவும் பேட்டரிக்கு அனுப்புகின்றனர். தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பல எஞ்ஜின்கள் வேறொரு காயிலிலிருந்து பெறுவதால், சார்ஜ் முற்றிலும் நின்றபின்னும் எஞ்ஜின் கம்பீரமாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடுவதைக் கண்டு சார்ஜும் ஏறுகிறது என்று நம்பியவர் மறுநாள் காலையில் கயிறு சுற்றி இழுப்பார்.

சோதனையும் அரிதன்று. ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்; எஞ்ஜினைச் சற்று வேகமாக ஓட்டினால் அது 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும்; உயராவிடில் முதலில் ஃபியூஸையும், பூத்துப்போன டெர்மினலையும், எர்த் வயரையும் பார்த்து, பின்னரே காயிலுக்கும் ரெக்டிஃபயருக்கும் செல்ல வேண்டும். இதற்குத் தேவைப்படும் ஒரே கருவி மல்டிமீட்டர். ஆராய்ச்சி நிற்கும் இடமும் அதுவே.

1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர் ஆவடி. டாங்கியின் எஞ்ஜினைப் பிரித்துப் பூட்டி ஓய்வுபெற்றோர் தெருவுக்கு நால்வர் இருக்குமிடத்தில் மல்டிமீட்டருக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒன்று, வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு, பூசைப் பொருளுக்குரிய மரியாதையுடன் வைக்கப்பட்டிருக்கிறது. படகு எஞ்ஜின் செல்ஃப் எடுக்க மறுத்தபோது பரணிலிருந்து இறக்கப்பட்ட முதல் மீட்டருக்குச் சிவப்பு வயர் இல்லை. இரண்டாவதற்கு வயர் இருந்தது. ஆனால் யாரோ ஒரு மருமகன் அதை ஆம்பியர் அளவில் வைத்து வீட்டு பிளக்கில் செருகியதால் அது தீபாவளியன்றே கருகிப்போயிருந்தது. மூன்றாவது, ஓம் அளவிலேயே திருகி விடப்பட்டு, அதனுள்ளிருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. நான்காவதன் உரிமையாளர் அதை இரவல் தருவதில்லை. தாமே வந்து அளப்பார். அவர் அம்பத்தூரில் மகள் வீட்டிலிருக்கிறார். ஐந்தாவது உயிரோடிருந்தது, பேட்டரியின் மேல் வைத்தபோது 15.8 என்று காட்டியது, எஞ்ஜினோ அணைந்திருந்தது. மலிவான மீட்டரின் உட்பேட்டரி சோர்ந்துவிட்டால் அது குறைத்துக் காட்டாமல் கூட்டியே காட்டும் என்பது பலர் அறியாத உண்மை. ஆகவே படகின் பேட்டரி நல்லதா என்று அறிய மீட்டர் வேண்டும். மீட்டரின் பேட்டரி நல்லதா என்று அறிய இன்னொரு மீட்டர் வேண்டும். அந்த மீட்டரின் பேட்டரிக்கு மற்றுமொன்று. ஒன்றை நிறுவ வேறொன்று, அதை நிறுவப் பிறிதொன்று என முடிவின்றி ஓடும் இக்குற்றத்தைத் தருக்க நூலார் அநவஸ்தை என்பர். அவர்கள் இதற்கு மறுப்புக் கண்டனர். இங்கோ, கடையில் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கிப் போடலாம் என்னும் மறுப்பு முன்வைக்கப்பட்டபோது, "அதுக்குன்னு தனியா ஒரு செலவா சார்?" என்று பொருளாளர் அதைத் தள்ளுபடி செய்தார்.

சில நூறு ரூபாயைக் காக்கும் பொருட்டுச் சில ஆயிரம் ரூபாய்க்குப் புதிய பேட்டரி அன்றே வாங்கப்பட்டது. எஞ்ஜின் ஒரே சொடுக்கில் ஸ்டார்ட் ஆயிற்று; கைதட்டல் எழுந்தது. புதிய பேட்டரி கடையிலேயே சார்ஜ் ஏற்றப்பட்டு வருவதால், காயில் எரிந்திருந்தாலும் சார்ஜ் வயர் அறுந்திருந்தாலும் அது சில முறை எஞ்ஜினை எழுப்பியே தீரும் என்பதும், அவ்வெழுச்சி தீர்ப்பு சரியென்பதற்குச் சான்றாகாது என்பதும் கைதட்டலில் கேட்கவில்லை. இச்சித்தாந்தம் அழியாதிருப்பதற்குக் காரணம் இதுவே: தவறான மருந்து முதல் வாரம் தவறாமல் வேலை செய்கிறது; பால் வாங்கச் சென்றவரின் புகழும் தெருவில் ஒரு சுற்று உயர்கிறது.

மாற்றாகக் கொடுக்கப்பட்ட பழைய பேட்டரிக்கு எடைக்கேற்ப ஏதோ கழித்தனர். நோயில்லாத அப்பேட்டரி கடையில் ஓர் இரவு சார்ஜில் கிடந்து, வேறொரு வீட்டு இன்வெர்ட்டருக்குப் போயிருக்கக் கூடும். சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் 'பேட்டரி மாற்றப்பட்டுப் பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமும் இடப்பட்டுவிட்டது. அதே கூட்டத்தின் அடுத்த பொருளாக, வரும் ஆண்டின் பேட்டரி நிதிக்கு வீட்டுக்கு எவ்வளவு என்பது விவாதிக்கப்பட்டு, ஒருமனதாக நிறைவேறியது.