வால்வுக்கு முன்னால் ஜமுக்காளம்

கேள்வி: என் ஸ்டீரியோ ஸ்பீக்கரில் வயலின் காதைக் கீறுகிறது. 'வார்ம்' சவுண்டு தரும் ஆம்பிளிஃபயர் வாங்கினால் சரியாகுமா அண்ணாச்சி?
— வாசகர், உவரி

பதில்: வார்ம்தான் வேண்டுமென்றால் வால்வு ஆம்பிளிஃபயர் இருக்கிறது. தொட்டால் கை வெந்துவிடும், அவ்வளவு வார்ம்! சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயிச் சுரத்தையும் மெலிதாகக் கலந்துவிடும். அதுதான் காதுக்கு இதம். கறாராகப் பார்த்தால் அது பிழை. காசு கொடுத்து வாங்கும் பிழை.

ஆனால் வால்வில் பெரும்பாலும் வாட் குறைவு. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பாருங்கள். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 90 டெசிபல் என்றால் வீட்டுக்கு 20 வாட்டே தாராளம். 84 என்றால் அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரா? ஆம்பிளிஃபயர் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குக் குழாய் கட்டுகிறவர் தன் 100 வோல்ட் லைன் ஆம்பிளிஃபயரை மலிவாகத் தந்தால், கும்பிட்டுவிட்டு நகருங்கள். உங்கள் ஊர்க் கோயில் அந்தோணியாருக்குக் கேட்க வேண்டிய சத்தம் வேறு, உங்களுக்கு வேறு.

எனக்கென்னவோ உங்கள் அறைமேல்தான் சந்தேகம். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை என்றால் எந்த வயலினும் கீறும். கனத்த ஜமுக்காளம் விரித்து, சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். (பத்தமடைப் பாய் படுக்கச் சுகம், ஒலியை விழுங்காது.) உப்புக்காற்றில் ஒயர் முனை பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புதிதாக முறுக்குங்கள்.

அப்படியும் கீறினால் ஆம்பிளிஃபயர் வாங்கலாம். ஆனால் உங்கள் ஸ்பீக்கரையே கடைக்குத் தூக்கிப்போய் மாட்டிக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.