பிரபுவின் வயிற்றெரிச்சல்

அயர்லாந்தில் என்னல் ஏரிக்கரையில் பெல்விடியர் பிரபு ராபர்ட் ராச்ஃபோர்ட்டுக்கு அழகான மாளிகை. சன்னலைத் திறந்தால் தம்பி ஜார்ஜின் வீடு. அது இதைவிடப் பெரிசு. வயிறு எரியாதா? 1760 வாக்கில் பார்வையை மறைக்க, பாழடைந்த மடம் போலவே ஒரு சுவரைப் புத்தம் புதிதாய் எழுப்பினார். (இடிந்ததைக் கட்டவும் கொத்தனாருக்கு முழுக்கூலிதானே!)

இன்னொரு தம்பி ஆர்தரோடு மனைவி மேரிக்குத் தொடர்பென்று சந்தேகம். மேரியை முப்பதாண்டு வீட்டிலேயே பூட்டிவைத்தார். ஆர்தர்மேல் வழக்குப் போட்டு 20,000 பவுண்டு நட்டஈட்டுக்குத் தீர்ப்பும் வாங்கினார். 1774-இல் பிரபு கண்ணை மூடினார். மேரிக்குக் கதவு திறந்தது.

ஜார்ஜின் வீடு 20ஆம் நூற்றாண்டில் கூரை போய் நிஜமாகவே பாழானது. போலிப் பாழ் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. பெயர் ‘பொறாமைச் சுவர்’. பார்க்க டிக்கெட் உண்டு.