கிளறித் தின்னும் கோழி

முதன்முதலாகக் கோழி வளர்க்கப் புறப்படும் எந்தக் குடும்பமும் முதலில் கூட்டம் போடும். கூண்டு மரத்திலா கம்பியிலா, கேரளத்து மண்ணுத்தியில் கிராமஸ்ரீ இனக் குஞ்சு வாங்குவதா, பகலில் கீரிக்கும் இரவில் மரநாய்க்கும் யார் காவல் என்று பெரியவர்கள் வாதாடி முடிப்பதற்குள் பிள்ளைகள் பெயர் சூட்டிவிடுவார்கள். (பெயர் வைத்த கோழி குழம்புக்கு வராது. பெரியவர்களுக்கு இது பிறகுதான் புரியும்.)

கொச்சியை ஒட்டிய ஏலூரில் மண்ணையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். பெரியாற்றுத் தீவான அங்கே உரம், ரசாயனம் என்று ஆலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. டிடிடி பூச்சிக்கொல்லி தயாரித்த அரசு நிறுவனத்தின் ஆலையும் அங்கேதான் இருந்தது. 2005-இல் அந்த ஆலைப் பக்கம் மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்தார்கள். ஒரு கிராம் கொழுப்புக்கு 3 பிகோகிராம் என்ற அப்போதைய ஐரோப்பிய வரம்பை டையாக்சின் தாண்டியிருந்தது. குளோரின் கலந்த கழிவு எரியும்போது பிறக்கும் நஞ்சு இது. மண்ணில் தங்கும், கோழி கிளறும், கொத்தும், முட்டைக் கொழுப்பில் பத்திரமாகச் சேர்த்துத் தரும். சம்பளம் கேட்காத ஆய்வாளர்!

நகரத்தில் 'தரையில் மேய்ந்த கோழி' என்று சொன்னாலே முட்டைக்குக் கூடுதல் விலை. ஏலூரில் அதே பெருமையைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். மண்ணையே பார்த்திராத நாமக்கல் கூண்டுக்கோழிக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நற்சான்று இது.

ஆகவே சிமெண்டுத் தளம், கடைத் தீவனம், சுற்றிலும் வலை. இதையெல்லாம் கோழியிடம் யார் விளக்குவது? கதவு திறந்தால் அது நேரே தோட்டத்துக்குத்தான் ஓடும்.