பட்டியின் பெருமை

விருத்தாசலத்தில் பழைய வீடு வாங்குபவருக்குச் சுவரில் பூசும் பட்டியைப் போல ஆபத்பாந்தவன் வேறு யாரும் இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதற்குமேல் எழுத்துக்கூலி, தரகு எல்லாம் கொடுத்துக் கை காய்ந்திருக்கும் நேரத்தில் அது வந்து நிற்கிறது. தை மாதத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. ஒரு பெயின்டர், கூட ஒரு கையாள், சில மூட்டை வெள்ளைப் பட்டி, கொஞ்சம் உப்புத்தாள். ஒரே வாரத்தில் பழைய வீடு புதுவீடாகிவிடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் பொருள் கட்டட உலகில் வேறில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

அதன் மெல்லிய உடம்பைப் பாருங்கள். இரண்டு கோட் சேர்த்தாலும் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் ஒரு வீட்டின் வரலாறு முழுவதையும் அடக்கிவிடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது மொட்டைமாடித் தட்டோடு விரிசல் விட்டு உள்ளே இறங்கிய தண்ணீரின் தடமாக இருக்கட்டும், 2015 பெருமழையில் சுவரடியில் ஏறிய ஓதமாக இருக்கட்டும், பட்டிக்கு எல்லாம் ஒன்றுதான். விற்பவர் சொல்லாமல் விட்டதை வாங்குபவரும் கேட்காமலிருக்க அது துணை செய்கிறது. இரு தரப்புக்கும் இப்படி ஒருசேர நன்மை செய்பவர் ஊரில் எத்தனை பேர்?

அதன் நேர்மையும் பெரியது. ஓதத்தை நிறுத்துவேன் என்று அது ஒருநாளும் வாக்குக் கொடுத்ததில்லை. ஈரக்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பட்டி பூச வேண்டும் என்று விற்பவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்காமல் பூசியவரைக்கூட அது கைவிடுவதில்லை. தையிலிருந்து புரட்டாசி வரைக்கும் பளிச்சென்று காத்து நிற்கிறது. சித்திரை வெயில் அதற்குப் பக்கபலம். ஐப்பசி மழையில் நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலேறும். கூடவே உப்பையும் ஏற்றிக்கொண்டு வரும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அந்த ஈரம் காற்றில் ஆறிப்போகும். பட்டிக்கு மேலே பளபளக்கும் எமல்ஷன் பெயின்டோ அதற்கு வழி விடாது. உப்பு உள்ளேயே படிந்து பருத்து, பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும். கார்த்திகை தீபத்துக்கு அகல் வைக்கும்போது சுவரும் செதில் செதிலாகப் பூத்திருக்கும்.

அப்போதும் உதவிக்கு ஆள் வருகிறார்: பி.வி.சி. பேனல். இதன் தாராள மனம் பட்டிக்குக்கூடக் கிடையாது. பட்டியாவது பெயர்ந்து விழுந்து நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். பேனல் காட்டிக்கொடுக்கவே கொடுக்காது. அதன் முதுகுக்குப் பின்னால் பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும், அடிக்கட்டைக்கு மரச்சட்டம் போட்டிருந்தால் கறையானுக்குச் சாப்பாடும் உண்டு. மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் தளத்தை அண்ணாந்து பார்க்கிற கவலையும் போயிற்று. கம்பி துருப்பிடித்து, காரை விட்டுப்போய்த் தொங்குவது யார் கண்ணிலும் படாது. அதன் கீழேதான் கட்டில் போட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோம். எல்.இ.டி. பட்டை வெளிச்சத்தில் அந்த அறை எவ்வளவு அழகாக இருக்கிறது!

இதே ஊரின் செராமிக் சூளைகளுக்கு ஈரத்தை மூடி மறைக்கும் இந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற களிமண் பக்கத்திலேயே இருப்பதால் வளர்ந்த தொழில் இது. செராமிக் தொழிற்பேட்டை உண்டு; செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்க அரசுப் பயிலகமே உண்டு. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கொலு பொம்மை, அகல் என்று எதைச் செய்தாலும் ஒரே கண்டிப்புதான்: ஈரம் போக உலர்ந்த பிறகே சூளை. ஈரத்தோடு உள்ளே வைத்தால் நீராவி பொருளையே வெடிக்க வைத்துவிடும். பச்சை மண்ணில் மயிரிழை விரிசல் இருந்தால், ஆயிரம் டிகிரியைத் தாண்டிய சூட்டில் அது வாய் திறந்துகொள்ளும். மேலே பூசும் கிளேஸ் அதை மூடித் தராது. அச்சில் வார்க்கிற பெண்களுக்கும், சூளையில் நிற்கிறவர்களுக்கும் இது கைப்பழக்கம். பகலெல்லாம் அப்படி வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் தாங்கள் வாங்கிய வீட்டின் ஈரச் சுவரில் பட்டி ஏறுவதைப் பார்த்து அவர்களும் சந்தோஷப்படுகிறார்கள். பட்டியின் வசீகரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கொத்தனாரைக் கேட்டால் அழகில்லாத வேலைகளாகவே சொல்வார். மாடித் தட்டோட்டின் இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவது. மழைநீர்க் குழாயின் அடைப்பை எடுப்பது. சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி இறக்குவது. உதிர்ந்த காரையைக் கொத்திவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுவது. பிறகு சுண்ணாம்பு அடிப்பது. இதில் எதையும் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப முடியாது. பால் காய்ச்ச வந்தவர்கள் மொட்டைமாடி இடுக்கைப் பார்த்து வாயாரப் பாராட்டப் போவதும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஓதத்தை ஒருமுறை வேரோடு நிறுத்திவிட்டால் அந்தச் சுவருக்கு அடுத்த தையில் வேலை இராது. மூட்டை விற்கிற கடைக்காரர், பேனல் மாட்டுகிறவர், சீலிங் போடுகிறவர் அத்தனை பேருக்கும் ஒரு வாடிக்கை வீடு குறைந்துபோகும். பட்டி அப்படி யார் பிழைப்பிலும் மண் போடுவதில்லை. வருஷா வருஷம், அதே சுவருக்கு, அதே வீட்டுக்காரர் பணத்தில், எல்லோரையும் வாழ வைக்கிறது.