மளிகைக் கடையில் நால்வகை உபதை: ஒரு விளக்கவுரை

ஒருவனை வேலைக்கு எடுக்குமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்காலும் அவன் மனத்தைச் சோதிக்க வேண்டும் என்பது 501ஆம் குறளின் துணிபு. பரிமேலழகர் இச்சோதனைகளை உபதை என்பார். பொருள் உபதைக்கு அவர் சேனைத் தலைவனை அனுப்பி, 'நம் அரசன் கஞ்சன்' என்று சொல்லவைத்து அமைச்சனின் நாடி பார்க்கிறார். சென்னை மளிகைக் கடை அண்ணாச்சிக்கு அந்தச் செலவு இல்லை. அவர் கஞ்சன் என்பதைத் தெருவே இலவசமாகச் சொல்லிவிடும். ஆகவே அவர் கல்லாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய்த் தாளைத் தவறவிடுகிறார்.

தாளை எடுத்துக் கொடுப்பவன் யோக்கியன் என்று கொள்வாரும் உளர். அது பொருந்தாது. முதல் நாள் கீழே கிடக்கும் பணம் சோதனைப் பணம் என்று ஊரில் பஸ் ஏற்றிவிடும்போதே பையனுக்குச் சொல்லியிருப்பார்கள். (சொன்னவர் முன்னாள் கடைப்பையன் என்க.) நுண்ணாய்வாளர் பார்க்க வேண்டியது பருப்பை. எடை போடும்போது துவரம்பருப்பு ஒரு கை சிந்துகிறது. அப்படியே அள்ளி மூட்டையில் போடுபவனுக்குக் கடைமேல் பற்றுண்டு, வாடிக்கையாளர்மேல் இல்லை. பெருக்கித் தள்ளுபவனுக்கு இரண்டும் இல்லை. முறத்தில் புடைத்துத் தனியே எடுத்துவைத்து, "நம்ம சாம்பாருக்கு ஆகும் அண்ணாச்சி" என்பவன் தேறினான். பிறகு அவன் பொட்டலம் கட்டும் நூலையும் அண்ணாச்சி ஓரக்கண்ணால் எண்ணுவார். ஒரு சுற்று என்றால் வழியிலேயே அவிழும்; இரண்டு உத்தமம்; மூன்று சுற்றினால், "அப்பன் வீட்டு நூலாலே?"

இன்ப உபதை கடலைமிட்டாய் ஜாடியோடு முடிந்துவிடும். உயிரச்சத்துக்கு, கடன் சொல்லிச் சாமான் வாங்க வரும் வட்டச் செயலாளர் ஒருவர் போதும்.

கடையைத் தன் கடையாக நினைக்கிற பையன்தான் எல்லா அண்ணாச்சிகளுக்கும் வேண்டும். உரையாசிரியர்கள் தொடாத சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உண்மையிலேயே அப்படி நினைப்பவன் சில வருடத்தில் தனிக்கடை போடுவான். எந்தச் சரக்கு எங்கே மலிவு, எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. அண்ணாச்சியே அப்படி வந்தவர்தான். பழைய முதலாளி இன்றும் கல்யாண வீடுகளில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தெளிந்து எடுத்தபின் சந்தேகப்படாதே என்கிறது 510ஆம் குறள். வள்ளுவர் கடை வைத்தவராகத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் நான்கு உபதையிலும் தேறிய பையன் ஒருவன், "எதுத்தாப்ல பூட்டிக் கெடக்க கடை யாரோடது அண்ணாச்சி?" என்றான்.

"ஏம்லே?"

"சும்மாதான் கேட்டேன்."

அவனுக்கு வேலை கிடைத்தது. அன்று சாயங்காலமே பூட்டிய கடைக்கு அண்ணாச்சி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.