அவரோகணம் இல்லாத ராகம்

1880 முதல் ஏறிவரும் புவிச் சூட்டை, ஆண்டுக்கு ஒரு சுரமாகச் செல்லோவில் வாசித்தார் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபோர்ட். ஆண்டு 2013. சூடு ஏற ஏறச் சுரமும் ஏறும். லால்குடிக்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம்? ஜெயராமனின் வயலினைக் கேட்டு வளர்ந்த காதாயிற்றே!

நம்மிடம் மழைக்கென்றே அமிர்தவர்ஷிணி ராகம் உண்டு. தீட்சிதர் எட்டயபுரத்தில் பாடினார், மழை கொட்டியது என்பார்கள். வந்த வெள்ளத்தை நிறுத்தத்தான் ராகம் இல்லை. 2018 ஆகஸ்டில், முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் தாளம் தப்பி விழுந்தன.

கிராஃபோர்டின் இசையில் ஒரே குறை, அவரோகணமே இல்லை. நாமோ சபாவில் தலையாட்டி ரசித்துவிட்டு, “ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டுங்க” என்போம்.